நாலு அண்ணன் தம்பி, நாலு நாவல்: மூணாவதுல இடிக்குது

வணக்கம் தோழமைகளே. ஒரே குடும்பத்து நாலு அண்ணன் தம்பிக்கும் தலா ஒரு காதல் நாவல்னு திட்டம். ஒவ்வொன்றும் 30 அத்தியாயம், அத்தியாயத்துக்கு 1,500 வார்த்தை, வாரம் 2 யூடி (அப்டேட், அதாவது ஆன்லைனில் ஒரு அத்தியாயம் பதிவிடுவது). ஆக, ஒரு நாவலுக்கு 15 வாரம். 10 அத்தியாயம் கையிருப்பு சேராமல் முதல் யூடி கிடையாது.

வயது, பிறந்த மாதம், யார் யாரை எப்படிக் கூப்பிடுவார்கள் எல்லாம் ஒரே எக்செல் ஷீட்டில் இருக்கு. முதல் பாகத்தில் மூத்தவன் மனைவியை ‘அண்ணி’ என்ற கடைக்குட்டி மூன்றில் ‘அக்கா’ன்னா கமெண்டில் பிடித்துவிடுவார்கள். நியாயம்தான்.

சிக்கல் வேற. கல்யாணமான முதல் ஜோடி உள்ளே வந்தாலே புது ஜோடி மங்கிப் போகுது. மோதலும் தேயுது: முதலில் கட்டாயக் கல்யாணம், இரண்டில் குடும்பப் பகை, மூன்றில் வெறும் தவறான புரிதல். அது ஒரு போன் காலில் தீர்ந்துடும். 30 அத்தியாயம் தாங்காது. இழுக்கப்போனால் வில்லி அத்தைதான் வரணும், அது வேண்டாம்.

பழைய ஜோடிக்கு எத்தனை காட்சி கொடுப்பீங்க, 3 போதுமா? கடைசித் தம்பியின் நாயகியை எந்தப் பாகத்திலேயே காட்டிவிடலாம்? தொடர் முழுசா முடிச்சவங்க சொல்லுங்களேன்.