மறு: ‘தாங்குதிறன் மதிப்பீடு’ பொருந்துமா?

> புற்றுநோய் வந்த முதியவருக்குக் கீமோ தொடங்குமுன் செய்யும் ஜெரியாட்ரிக் அசெஸ்மெண்டைத் ‘தாங்குதிறன் மதிப்பீடு’ எனலாமே? மருந்தைத் தாங்குவாரா என்பதுதானே கேள்வி?

ஐயா,

சொல் கச்சிதம்; அதுதான் எனக்குத் தயக்கம். ‘தாங்குதிறன்’ என்றதும் வீட்டார் “தாங்குவாரா, மாட்டாரா?” என்று ஒரே விடையை எதிர்பார்ப்பார்கள். எங்கே முட்டுக்கொடுத்தால் சிகிச்சை நடக்கும் என்று பார்ப்பதல்லவா இந்த மதிப்பீடு? தானே குளித்து உடுத்துகிறாரா, மாத்திரையைப் பிறர் எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கிறதா, கடந்த 6 மாதத்தில் விழுந்தாரா, எடை இறங்கியதா, நினைவு எப்படி, மனச்சோர்வு உண்டா, வேறு நோய்கள் என்ன, இரவில் காய்ச்சல் கண்டால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துவர யார் இருக்கிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்வி உடம்பின் தாங்குதிறனில் எங்கே வரும்?

2021இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 718 பேர். மதிப்பீட்டின் சுருக்கமும் பரிந்துரைகளும் மருத்துவர் கைக்குப் போன பிரிவில் கடும் பக்கவிளைவு 51 விழுக்காடு. போகாத பிரிவில் 71. முதல் சுற்றிலேயே மருந்தின் வீரியத்தைக் குறைத்துத் தொடங்கியது முதல் பிரிவில்தான் அதிகம். ஆனாலும் 6 மாத உயிர்வாழ்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை.

‘முதுமை மதிப்பீடு’ வயதை அளப்பதுபோல் ஒலிக்கிறது. ‘முதியோர் முழுநல மதிப்பீடு’ என்பது என் பரிந்துரை.

கூடவே ஃப்ரெயில்டி, அதாவது சிறு நோயோ சிகிச்சையோ வந்தாலும் உடம்பு சட்டென்று தளர்ந்துவிடும் நிலை. ‘தள்ளாமை’ அழகான சொல், ஆனால் ‘தள்ளாத வயது’ என்றே பழகிவிட்டோம். 82இல் கையிருப்புள்ள உடம்பும் உண்டு. 66இல் கரைந்துபோனதும் உண்டு. ‘நொய்மை’ பொருந்தும். நொய்யரிசியும் அரிசிதான், உலை கொதித்ததும் குழைந்துவிடும்.

—

அம்மா,

‘முழுநல’ ஏற்கிறேன், ‘நொய்மை’யும். செய்முறைச் சொற்களையும் இப்போதே முடித்துவிடுவோம்.

டைம்டு அப் அண்ட் கோ: ‘எழுந்துநடைச் சோதனை’. கைப்பிடி நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரவேண்டும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் ஆபத்து. “நடங்க” என்று சொன்ன நொடியிலிருந்து கணக்கு; எழுந்தபின் கடிகாரத்தை அழுத்தினால், எழத் திணறிய நேரமே விட்டுப்போகும். வழக்கமாக ஊன்றும் கோலை வாங்கி வைத்துவிடுவதும், மகன் கைத்தாங்கலாகப் பிடிப்பதும் அளவைக் கெடுக்கும்.

மினி-காக்: ‘சிறு நினைவுச் சோதனை’. மூன்று சொல்லை நினைவில் வைத்துத் திரும்பச் சொல்லுதல், 11:10 காட்டும் கடிகாரம் வரைதல். மொத்த மதிப்பெண் 5இல் 3க்குக் கீழே போனால் மேலும் பார்க்கவேண்டும். பேனா பிடித்தே பழகாதவர் கடிகாரத்தில் தவறினால் அதை மறதிக் கணக்கில் எழுதக் கூடாது. விளக்கக் குறிப்பில் இதைச் சேர்க்கவேண்டும்.

ஸ்கிரீனிங்தான் இடிக்கிறது; யாருக்கு முழு மதிப்பீடு வேண்டும் என்று முதலில் சுருக்கமாகப் பார்ப்பது அது. ‘முன்சலிப்பு’ என்றால் அலுப்பு என்று படிப்பார்கள். ‘வடிகட்டல்’ என்றால் ஆளைக் கழித்துவிட்டதுபோல் தொனிக்கும். அதற்கான ஜி8 என்ற வினாத்தாளின் எட்டுக் கேள்விக்கு மொத்தம் 17 மதிப்பெண். 14 அல்லது அதற்குக் கீழ் வாங்கியவரைத்தான் நாம் கூடுதலாகக் கவனிக்கப்போகிறோம். ‘முதற்பார்வை’ என்று வைத்தால், “முதற்பார்வை 13, முழுநல மதிப்பீட்டுக்கு அனுப்புக” என்று சீட்டில் அப்படியே எழுதலாம்.