ஹோப் நகரில் ‘ஃபர்ஸ்ட் பிளட்’ படமாக்கப்பட்ட இடங்கள்: வழிகாட்ட வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். வரும் செப்டம்பரில் நானும் என் அண்ணனும் கனடாவின் வான்கூவர் செல்கிறோம். அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவிலுள்ள ஹோப் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும்தான், சில்வெஸ்டர் ஸ்டாலோன் ராம்போவாக முதன்முதலில் தோன்றி 1982-இல் வெளிவந்த ‘ஃபர்ஸ்ட் பிளட்’ திரைப்படத்தின் பெரும்பகுதி எடுக்கப்பட்டது என்பதால், ஒரு முழு நாளை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம்.

நான் முக்கியமாகக் காண விரும்புவது ஒதெல்லோ சுரங்கப்பாதைகளை. ஹெலிகாப்டரிலிருந்து துப்பாக்கியால் சுட, செங்குத்துப் பாறையில் தொற்றிக்கொண்டிருக்கும் ராம்போ வேறு வழியின்றிக் கீழேயுள்ள மரத்தின்மேல் குதிக்கும் காட்சி, அங்குள்ள கோக்விஹாலா பள்ளத்தாக்கில்தான் படமானது. (கெட்டில் வேலி ரயில்பாதைக்காகக் குடையப்பட்ட சுரங்கங்கள் அவை, தலைமைப் பொறியாளர் ஆண்ட்ரூ மெக்கல்லக் ஷேக்ஸ்பியர் பித்தர் என்பதால் இந்தப் பெயர்.) 2021 நவம்பர் வெள்ளத்தில் அப்பாதை கடுமையாகச் சேதமடைந்தது. அண்மையில் சென்றுவந்தவர்கள், இப்போது எதுவரை நடக்க அனுமதிக்கிறார்கள் என்றும், அண்ணனுக்கு முழங்கால் வலி இருப்பதால், தரை சமமாக இருக்கிறதா, சரளைக்கற்கள் நிறைந்ததா என்றும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.

தொடக்கத்தில் ராம்போ திரும்பி ஊருக்குள் நடந்துவரும் பாலம் 2011-இல் இடிக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் அவ்விடத்தில் ஒரு நிமிடமாவது நிற்க ஆசை. அடையாளம் சொல்ல முடியுமா? 2020-இல் நிறுவப்பட்ட ராம்போவின் மரச்சிலையை நாங்களே தேடிக்கொள்வோம்.

எங்கள் இருவருக்குமே கார் ஓட்டத் தெரியாது. காலையில் பேருந்தில் சென்று இரவுக்குள் வான்கூவர் திரும்ப இயலுமா, ஹோப்பில் டாக்சி கிடைக்குமா என்பதையும் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.