மறு: டைவர்ட்டர் – நாளைக்குள் ஒரு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

அணுக்கரு இணைவு ஆய்வுக்கருவிகளை எப்படிப் பராமரிக்கிறார்கள், எப்படி மேம்படுத்துகிறார்கள் என்று ஒரு பாட அத்தியாயத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். நாளை காலை அனுப்பியாக வேண்டும். டோக்கமாக் (பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும் கருவி), பிளாஸ்மா (மின்னூட்டம் கொண்ட கொதிக்கும் வாயு) இரண்டையும் அப்படியே விட்டுவிட்டேன், திட்ட வேண்டாம். தொல்லை கொடுப்பது அந்தக் கருவியின் ஓர் உறுப்பான டைவர்ட்டர். பக்கத்துக்கு நாலு தடவை வருகிறது. இப்போதைக்கு ‘திருப்பி’ என்று போட்டிருக்கிறேன். விளைவு: “பழைய திருப்பியைக் கழற்றிச் சுத்தம் செய்து திருப்பி மாட்டினார்கள்.” ஒதுக்கி, விலக்கி எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

– சே.

-----

சே. அவர்களுக்கு,

இகர ஈற்றுப் பெயரும் வினையெச்சமும் ஒரே உருவில் நிற்பது புதிதல்ல. உருபு ஏற்றால் பெயர். எழுவாய்க்குத்தான் உருபு கிடையாது, அங்கேதான் இடறும். அதற்கும் முன்னோர் வழி வைத்திருக்கிறார்கள். ‘வெட்டி’ தனியே நின்றால் குழப்பம். மண்வெட்டி, பாக்குவெட்டி என்றால் குழப்பமே இல்லை. மரங்கொத்தியும் அப்படியே. ஆகவே கேள்வி இதுதான்: உங்கள் கருவி எதைத் திருப்புகிறது?

போகிற போக்கில் ஒன்று: ‘பராமரிப்பு’ வடசொல். ‘பேணல்’ இருக்க அது எதற்கு?

– ந.

-----

ஐயா, பேணலை அப்புறம் பேணுவோம். எதைத் திருப்புகிறது என்பதை நான் சொல்கிறேன், பிளாஸ்மாவோடு மாரடிப்பதுதான் என் பிழைப்பு.

டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணைந்தால் ஹீலியமும் நியூட்ரானும் வரும். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை, காந்தப்புலத்துக்குப் பிடிபடாமல் சுவருக்குப் போய்விடும். ஹீலியம் உள்ளேயே தங்கி, தன் வெப்பத்தைக் கொடுத்தபின் வெறும் சாம்பல் ஆகிறது. சுவரிலிருந்து பெயர்ந்த அணுக்களும் கூடச் சேரும். இவை தேங்கினால் எரிபொருள் நீர்த்துப்போகும், பிளாஸ்மா குளிர்ந்துவிடும். அதனால் விளிம்பில் உள்ள காந்தக்கோடுகளை அடியில் இருக்கும் ஒரு பள்ளத்துக்குள் வளைத்து இறக்குகிறோம். துகள்கள் அந்தக் கோடுகளோடு வந்து தகட்டில் மோதும், அங்கிருந்து பம்பு இழுத்துக்கொள்ளும். அந்தப் பள்ளம், தகடு எல்லாம் சேர்ந்ததுதான் டைவர்ட்டர். பிரான்சில் கட்டப்படும் ஈட்டர் டோக்கமாக்கில் அந்தத் தகடு சதுர மீட்டருக்கு 10 மெகாவாட் வெப்பம் தாங்க வேண்டும். 3422 டிகிரி செல்சியஸில் உருகும் டங்ஸ்டனைத் தேடிப் போனது அதனால்தான்.

சே., உங்கள் வாக்கியத்திலும் ஒரு பிழை. “மாட்டினார்கள்” என்றால் ஆட்கள் உள்ளே இறங்கியதாகத் தோன்றும். இங்கிலாந்தின் ஜெட் டோக்கமாக்கில் 1997-இல் டிரிட்டியம் எரித்து 16 மெகாவாட் எடுத்த பிறகு, நியூட்ரான் பட்ட சுவரே கதிரியக்கம் கொண்டுவிட்டது. அடுத்த ஆண்டு டைவர்ட்டரை மாற்றியது மாஸ்காட் என்ற இரட்டைக்கை எந்திரம். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் தன் கையை அசைத்தால் உள்ளே அதன் கை அசையும். உள்ளே ஒரு போல்ட் இறுகினால் இங்கே இவர் கையில் அந்த இறுக்கம் தெரியும். சொல்லை விடுங்கள், இதைச் சரியாக எழுதுங்கள்.

– வி.

-----

வி. அண்ணாவின் விளக்கத்தைப் படித்ததும் ஏரிதான் நினைவுக்கு வந்தது. ஏரி நீரைத் திறந்துவிடும் குமிழித்தூம்பில் இரண்டு துளை: மேலே நீரோடித் துளை, அடியில் சேறோடித் துளை. நீர் போகும்போதே அடிச் சேற்றையும் இழுத்துக்கொண்டு போகும். டைவர்ட்டர் செய்வதும் அதுதானே? ‘சாம்பலோடி’ என்று வைக்கலாமே. வகுப்பில் ஒருமுறை சொன்னால் போதும், பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

– மு.

-----

அம்மா மு., ஏரி வரை வந்தீர்கள், மகிழ்ச்சி. ஆனால் நாடோடி நாடெங்கும் ஓடுபவர், முன்னோடி முன்னே ஓடுபவர். அந்தக் கணக்கில் சாம்பலோடி யார்? சாம்பலில் ஓடுபவரா? ஏரியிலிருந்தே எடுப்பதென்றால் ‘கலிங்கு’ இருக்கிறது. மிகையை வெளியே விடும் வாய். மூன்றெழுத்துப் போல ஒலிக்கும் சொல், எச்சக் குழப்பமும் இல்லை. கலுங்கு, கலிஞ்சு என்றும் வழங்கும். இதன் வேரைக் ‘கல்’ என்பதில் தேடலாம், ‘கலி’ என்ற ஒலிக்குறிப்பிலும் தேடலாம், நான் இரண்டாவது பக்கம். நீர் கலித்து விழும் இடம்...

– ந.

-----

ஐயா, கலிங்கில் மொத்தம் நான்கெழுத்து. அதோடு ஏரி நிரம்பினால்தான் கலிங்கு பாயும். டைவர்ட்டர் ஓயாமல் வேலை செய்கிறது, நிரம்புவதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. சாம்பலோடியிலும் எனக்குக் குறை உண்டு. எங்களுக்குப் பெரிய தலைவலி வெப்பம், சாம்பல் அதற்கு அடுத்ததுதான். லிமிட்டர் என்று இதற்கு ஓர் அண்ணன் வேறு இருக்கிறான். பிளாஸ்மா நேராக அவன்மேல் உரசி நின்றுவிடும். பிரான்சின் டோர் சூப்ரா லிமிட்டர் கருவி; அதைப் பிரித்து டைவர்ட்டர் வைத்து வெஸ்ட் ஆக்கினார்கள், 2016 டிசம்பரில் முதல் பிளாஸ்மா. நம் நாட்டு டோக்கமாக்கான ஆதித்யாவும் அப்படித்தான் ஆதித்யா-யூ ஆனது. மேம்பாடு என்று அத்தியாயம் பேசுவதே பெரும்பாலும் இந்த மாற்றத்தைத்தான். இரண்டும் ஜோடியாக நிற்கும் சொற்களாக வேண்டும்.

– வி.

-----

அப்படியானால் லிமிட்டர் வரம்பு, டைவர்ட்டர் வாய்க்கால். முடிந்தது.

– மு.

-----

மு. அக்கா, அழகாக இருக்கிறது. ஆனால் டைவர்ட்டரின் துண்டுகளான கேசட்டுகளைப் ‘பேழை’ ஆக்கி, “54 வாய்க்கால் பேழைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 டன்” என்று ஈட்டர் பத்தியை எழுதிப் பார்த்தேன். படித்துக் காட்டியதும் வீட்டில் சிரித்துவிட்டார்கள். பேழை என்றாலே ஒலிப்பேழைதான் நினைவுக்கு வருகிறதாம். கேசட்டுக்குக் ‘கூடு’ போடலாமா?

– சே.

-----

கூடு வேண்டாம். உள்ளீடற்ற பொருள் தரும். ‘பேழை’யே சிறப்பு, கேசட் என்பதன் மூலமும் சிறு பெட்டிதான். சிரிப்பவர்களுக்காகச் சொல்லை மாற்றினால் எதுவும் மிஞ்சாது. தொல்காப்பியரே வடசொல்லை எழுத்து மாற்றித்தானே உள்ளே விட்டார்.

– ந.

-----

ஐயா, அந்த நூற்பாவை வைத்தே டைவர்ட்டரையும் உள்ளே விடலாமே! ‘எழுத்தொடு புணர்ந்த சொல்’ ஆகிவிட்டதே.

– வி.

-----

எல்லாருக்கும் நன்றி. மணி ஒன்றரை. எண்ணிப் பார்த்தேன்: டைவர்ட்டருக்கு இரண்டு பேர் (நானும் தூக்கக் கலக்கத்தில் அந்தப் பக்கம்), சாம்பலோடிக்கு ஒருவர், கலிங்குக்கு ஒருவர். முதல் இடத்தில் “டைவர்ட்டர் என்னும் சாம்பலோடி” என்று எழுதிவிட்டு, பிறகு முழுக்க டைவர்ட்டர் என்றே விட்டிருக்கிறேன். கேசட் ‘பேழை’தான். மாஸ்காட்டுக்கு ஒரு தனிப் பத்தி சேர்த்துவிட்டேன், வி. அண்ணா. பராமரிப்பு பராமரிப்பாகவே இருக்கிறது.

– சே.

-----

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். கலிங்கு. எழுத்து எண்ணிக்கையில் பிழை என்னுடையது.

– ந.