‘செகண்டரி பாய்சனிங்’குக்கு ஒரு சொல், திங்கட்கிழமைக்குள்

ஆனைகட்டி:
எல்லோருக்கும் வணக்கம்ங்க. செத்துக் கிடக்கும் பறவை, விலங்குகளிலிருந்து மாதிரி எடுப்பதற்கான படிவத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். வேட்டைத் தடுப்புக் காவலரும் கால்நடை ஆய்வாளரும் நிரப்ப வேண்டிய தாள். திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுக்கணும். மற்றக் கட்டங்களுக்குச் சொல் அமைந்துவிட்டது, ‘செகண்டரி பாய்சனிங்’ மட்டும் முள்ளாக நிற்கிறது. நஞ்சைத் தானே தின்னாமல், நஞ்சேறிய இன்னொரு உயிரைத் தின்றதால் வரும் கேடு. எலிமருந்து தின்ற எலியைப் பிடித்த கூகை, டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து ஊசி போட்டபின் செத்த மாட்டைத் தின்ற பாறு (பிணந்தின்னிக் கழுகு). மருந்து கலந்த விதையை மயில் பொறுக்கித் தின்றால் இதில் சேராது, அது நேரடி. இப்போதைக்கு ‘இரண்டாம்நிலை நஞ்சேற்றம்’ என்று போட்டிருக்கிறோம். இதைவிட நல்லது இருக்குதுங்களா?

நாமக்கல்:
‘இரண்டாம்நிலை’ வேண்டாம்ங்க. நோய்க்குறிப்பில் அதைப் பார்த்தால் நோய் முற்றிவிட்டது என்று படிப்பார்கள். போதாததற்கு, வெள்ளைக்கழிச்சல் கண்டு நொந்த கோழிக்குப் பின்னால் வரும் பாக்டீரியாத் தொற்றையும் ‘இரண்டாம்நிலைத் தொற்று’ என்றுதான் எழுதுகிறோம். ஒரே தாளில் இரண்டு இரண்டாம்நிலை ஆகாது. ‘தொடர்நஞ்சு’ என்று யாராவது சொல்வதற்கு முன்பே அதையும் தள்ளிவிடுகிறேன். கொஞ்சங்கொஞ்சமாக நாள்பட உடம்பில் ஏறும் நஞ்சுக்கு அந்தச் சொல் தேவைப்படும்.

காங்கயம்:
சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: வழிநஞ்சு. தொல்காப்பியர் நூலை முதல், வழி என்று இரண்டாகப் பகுத்தார். நன்னூலார் சார்பையும் கூட்டி மூன்றாக்கினார். எலி தின்றது முதல்நஞ்சு, அந்த எலி வழியாகக் கூகைக்கு வந்தது வழிநஞ்சு. செத்த கூகையை நாய் தின்றால் சார்புநஞ்சு. மூன்று படிக்கும் சொல் தயார்.

இன்னொன்று. வரைவில் ஓரிடத்தில் ‘நச்சு உண்டு’ என்று இருக்கிறது, திருத்துங்கள். நஞ்சு நிலைமொழியாகி வேற்றுமையில் இன்னொரு சொல்லோடு புணரும்போதுதான் மெலி வலியாகி நச்சாகும்: நச்சுமரம், நச்சுயிரி. இரும்பு இருப்புப்பாதை ஆவதுபோல. தனித்து நின்றால் நஞ்சுதான். நச்சுதல் என்றால் விரும்புதல். குறள் 1008-இல் ‘நச்சப்படாதவ’னும் ‘நச்சு மர’மும் ஒருசேர வருவது அந்த விளையாட்டுக்காகவே.

பொள்ளாச்சி:
அண்ணா, இலக்கணம் சரிதானுங்க. ஆனால் காட்டோர ஊரில் ‘வழிநஞ்சு’ என்று சொல்லிப் பாருங்க, வழியிலே யாரோ நஞ்சு வெச்சுட்டாங்க என்பார்கள். அப்படி வைப்பதும் நடக்கிறதே! சிறுத்தை அடித்துப்போட்ட மாட்டின் மேல் பூச்சிமருந்தைத் தூவிவிடுகிறார்கள். ஒருவேளை ‘இரைநஞ்சு’ எப்படி?

சத்தி:
‘இரை’யிலும் அதே சிக்கல்தான் அக்கா. பிடிபடும் உயிரும் இரை, தூண்டிலில் கோப்பதும் இரை. பொறியாக வைத்த தீனி என்றே காவலர் படிப்பார்.

நீங்கள் சொன்ன மாட்டையே எடுத்துக்கொள்வோம். அது நஞ்சால் சாகவில்லை, சிறுத்தை அடித்துச் செத்தது. அந்த உடல் நஞ்சு பரிமாறிய தட்டு, அவ்வளவுதான். அதைத் தின்ற சிறுத்தைக்கும் பாறுக்கும் நேரடி நஞ்சு. செத்த அந்தச் சிறுத்தையைப் பிறகொரு பாறு தின்றால்தான் நாம் தேடும் சொல். இதைப் பிரிக்கவில்லை என்றால் மாதிரி எடுப்பதே மாறிப்போகும்.

தூவின குருணை என்றால் தீனிப்பையிலும் அரைவைப்பையிலும் கிடைக்கும். கார்போஃபியூரான், மோனோகுரோட்டோபாஸ் போன்ற பூச்சிமருந்துகள் நரம்பில் கோலினெஸ்டெரேஸ் நொதியை முடக்குவதால் மூளை கட்டாயம் வேண்டும். அந்த நொதியின் செயல்பாடு வழக்கமான அளவிலிருந்து 20 சதவீதம் குறைந்திருந்தால் நஞ்சு பட்டிருக்கிறது, பாதிக்கு மேல் குறைந்திருந்தால் அதுவே சாவுக்குக் காரணம் என்று கொள்ளலாம். மூளையை ஃபார்மலினில் போடவே கூடாது, நொதி கெட்டு ஆய்வுக்கு உதவாது. உறையவைத்துத்தான் அனுப்பணும்.

எலிமருந்து என்றால் கல்லீரல். புரோமாடியோலோன் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை. தின்ற எலி உடனே சாகாமல் சில நாள் தள்ளாடித் திரியும், கூகைக்கு அதுதான் எளிதில் அகப்படும். கூகை எலியை முழுசாக விழுங்குவதால் வயிற்றில் வாலோ மயிரோ எலும்போ இருக்கும். அதைத் தனிப் பொட்டலமாகக் கட்டினால்தான் நஞ்சு எதன் வழியாக வந்தது என்று காட்ட முடியும்.

பாறு என்றால் முதலில் சிறுநீரகம். கல்லீரல், இதய உறையின் மேல் சுண்ணாம்பு பூசினாற்போல் யூரிக் அமிலம் படிந்திருந்தால் டைக்ளோஃபினாக்கைச் சந்தேகிக்கணும். எடுத்த உறுப்பில் ஒரு பாதியை அலுமினியத் தாளில் சுற்றி உறையவைக்கணும். மறுபாதியிலிருந்து அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிக்காத துண்டுகளாக 10 சதவீத ஃபார்மலினில், ஒரு பங்கு திசுவுக்குப் பத்துப் பங்கு திரவம். தடித்துப்போனால் நடுப்பகுதி அழுகிவிடும்.

மாட்டின் மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத இரத்தம் வழிந்திருந்தால் இதெல்லாம் வேண்டாம், கத்தியே வைக்கக் கூடாது. அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருந்தால், அறுத்துக் காற்றுப் பட்டதும் கிருமி வித்தாகி மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். இதைப் படிவத்தின் தலையிலேயே போடுங்க.

சொல்லுக்கு வருகிறேன்: ‘ஊன்வழி நஞ்சேற்றம்’.

நாமக்கல்:
ஊன்வழி நன்றாக இருக்கிறது. எனக்கு இடிப்பது ‘நஞ்சு’. மாட்டுக்காரர் வலிக்கு ஊசி போட்டிருப்பார். “நான் எங்கீங்க நஞ்சு வெச்சேன்?” என்று கேட்டால் என்ன சொல்வது? மாட்டுக்கு மருந்து, பாறுக்கு நஞ்சு. நம்ம பக்கம் வயலுக்கு அடிப்பதும் மருந்து, எலிக்கு வைப்பதும் மருந்து, காய்ச்சலுக்குத் தின்பதும் மருந்து. டைக்ளோஃபினாக்கைக் கால்நடைக்கு 2006-இலேயே தடுத்தாகிவிட்டது. மனிதருக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள் என்பதால் 2015-இல் குப்பியை 3 மில்லியாகச் சுருக்கினார்கள். 2023-இல் கீட்டோபுரோஃபன், அசிக்ளோஃபினாக் என்ற வலிமருந்துகளுக்கும் கால்நடைக்குத் தடை. மெலாக்சிகம் போடலாம். இதையெல்லாம் சொல்லப் போகிற சுவரொட்டியில் ‘நஞ்சு’ என்று தொடங்கினால் மீதியை யார் படிப்பார்கள்? அங்கே ‘மருந்து ஏறின கறி’ என்று எழுதுங்க.

காங்கயம்:
மருந்து ஏறின கறி! உப்புக்கண்டத்துக்குச் செய்முறை போல இருக்கிறது. ‘ஏற்ற’மும் பொருந்தாது. ஏற்றுதல் பிறவினை, ஒருவர் வேண்டுமென்றே ஏற்றவேண்டும். கூகைக்கு யாரும் ஏற்றவில்லை. ‘நஞ்சேறல்’ என்றாவது போடுங்கள். ஏற்றம் என்றால் கிணற்றில் நீர் இறைப்பதும் ஆகும். நம் பக்கம் பெரும்பாலும் மாடு பூட்டிக் கவலைதான் இறைத்தார்கள் என்பது வேறு.

பொள்ளாச்சி:
விலையேற்றத்தை யார் ஏற்றினார்கள் அண்ணா? ஏற்றம் தன்வினைக்கும் வரும். பாடத்தில் ‘உயிரியல் உருப்பெருக்கம்’ என்று ஒன்று வருகிறதே, இதுவும் அதுவும் ஒன்றா என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

சத்தி:
ஒன்றல்ல. டிடிடி என்ற பூச்சிமருந்து, நீர்ப்பூச்சி, மீன், மீன்தின்னிப் பறவை என்று படிக்குப் படி கொழுப்பில் கூடிக்கொண்டே போகும். பறவை உடனே சாகாமல் முட்டை ஓடு மெலிந்து அடைகாக்கையில் நொறுங்கும். டைக்ளோஃபினாக் அப்படிச் சேர்வதில்லை, பாறுக்கு ஒரு வேளைத் தீனியே போதும். ‘உருப்பெருக்கம்’ எனக்கும் பிடிக்கவில்லை, அது பூதக்கண்ணாடி வேலை. ‘படிப்பெருக்கம்’ எனலாம். அதை இன்னொரு மடலில் வைத்துக்கொள்வோமே.

ஆனைகட்டி:
எண்ணிப் பார்த்ததில் ஊன்வழிக்கு ஐந்து, வழிநஞ்சுக்கு இரண்டு. மற்றவர்கள் களைத்துவிட்டார்கள் போல. படிவத்தில் ‘ஊன்வழி நஞ்சேற்றம்’, பக்கத்திலேயே ‘நேரடி நஞ்சேற்றம்’. சுவரொட்டியில் ‘மருந்து தின்னதைத் தின்னு செத்தது’ என்று வாக்கியமாகவே போகிறது. காங்கயத்து ஐயா பொறுத்தருளணும்.

ஆனைகட்டி:
மெய்ப்பு வந்தது. ‘ஊனவழி நஞ்சேற்றம்’ என்று இருக்கிறது. எழுத்துருவில் புள்ளி உதிர்ந்துவிட்டது. திருத்தச் சொல்லியிருக்கிறோம்.

காங்கயம்:
வழிநஞ்சில் புள்ளி உதிர்ந்தால் ‘வழிநஞசு’ என்று பிழை தானே காட்டிக்கொடுக்கும். ஊனவழி ஒரு சொல்லாகவே நின்றுவிடும். பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன்.