ரயில் முன்பதிவை ஏஐ முகவர்களுக்குத் திறந்துவிடலாமா?

வடகரையான்: ஐஆர்சிடிசி தன் தளத்தில் வெளியார் ஏஐ முகவர்களுக்கென்று, அதாவது நாம் சொன்னதைத் தாமே செய்து முடிக்கும் மென்பொருள்களுக்கென்று, தனி வாசல் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. "வெள்ளிக்கிழமை மதுரைக்குக் கீழ்ப் படுக்கை பார்த்துப் பதிவு செய்" என்றால் வேலை முடிந்துவிட வேண்டும். 2024 நவம்பரில் ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக், ஏஐயை வெளிச் சேவைகளோடு இணைக்கும் எம்சிபி என்ற பொது நெறிமுறையை வெளியிட்ட பிறகு, அப்படி ஒரு வாசல் வைப்பது மலையைப் பெயர்க்கும் வேலை அல்ல. இன்னும் 'நீ மனிதன்தானா' என்று சோதிக்கும் கேப்ட்சாவைக் காட்டி விரட்டிக்கொண்டிருப்பானேன்?

சீட்டுக்காரன்: தட்கல் ஏசிக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்த்த கணக்கு இல்லாமல் இணையத்தில் தட்கல் எடுக்க முடியாது. உரிமம் பெற்ற மனித முகவர்களுக்கே முதல் அரை மணி நேரம் தடை. மென்பொருளை வைத்து நொடியில் அள்ளியவர்களால் வந்த வினை இது. இப்போது அதற்கே மாலை போட்டு அழைக்கச் சொல்கிறீர்கள்.

வடகரையான்: திருட்டுத்தனமாக நுழைவதும், பயணியின் ஒப்புதலோடு தன்னை இன்னார் என்று சொல்லிக்கொண்டு வருவதும் ஒன்றா?

சீட்டுக்காரன்: இருக்கை ஒன்றாவது கூடுமா? நல்ல முகவருக்குச் சந்தா கட்ட வசதியுள்ளவர் முந்துவார். அவ்வளவுதான்.

யாழிசை: ரயில் என்றாலே தட்கல்தானா, ஐயா? பார்வையற்றவள் நான். படக் கேப்ட்சா எந்தத் தளத்தில் வந்தாலும் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் ஊமையாகிவிடும். மின்னணுச் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவின் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது வாடிக்கையாளர் அடையாளத்தைச் சரிபார்க்கும் கேஒய்சி பற்றிய வழக்குதான், தெரியும். நியாயம் இங்கே மட்டும் மாறிவிடுமா?

சீட்டுக்காரன்: உங்கள் பேச்சை மறுக்கவில்லை, அம்மா. பங்குத் தரகு நிறுவனமான சீரோதாவின் கைட் எம்சிபி 2025இல் வந்தபோது, பங்குக் கணக்கை முகவர் பார்க்க முடிந்தது. வாங்க விற்க ஆர்டர் போட முடியவில்லை. அதேபோல் காலியிடம், பிஎன்ஆர் நிலை வரை திறக்கட்டும்.

வடகரையான்: காலியிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் முகவர் எதற்கு?

சீட்டுக்காரன்: தேதியை மாற்றிப் பதிந்தால்? உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு ரூபாய் திரும்பாது. 2024இல் ஏர் கனடா விமான நிறுவனத்தின் அரட்டைப் பொறி (சாட்பாட்) தவறான தகவல் தந்தபோது, இழப்பீட்டை அந்த நிறுவனமே தர வேண்டும் என்று கனடாவில் தீர்ப்பானது. அது அவர்களுடைய சொந்தப் பொறி. வெளியார் முகவர் பிழை செய்தால் யாரைப் பிடிப்பது?

வடகரையான்: பணம் போகும் முன் பயணியே சரிபார்த்து ஓடிபி கொடுக்கட்டும்.

சீட்டுக்காரன்: அப்படியானால் பயணி கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருக்கத்தானே வேண்டும்? பிறகு முகவருக்கு என்ன வேலை?

யாழிசை: படிவத்தை நிரப்பும் வேலை. கண் தெரிந்தவர்களுக்கு அது ஒரு வேலையாகவே தோன்றாது.