மறு: டிரம்ஸில் ஒட்டும் 'ராப்' - தமிழில் என்ன எழுதலாம்? (அவசரம்)

அன்புடையீர், வணக்கம்.

டிரம்ஸ் பழுதுபார்ப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சாயம் பூசிய பழைய மரக்கூட்டின் மேல் புது பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ஒட்டும் அத்தியாயத்தில் நிற்கிறேன். 1963-இல் ரிங்கோ ஸ்டார் வாங்கிய லுட்விக் டிரம்ஸில் கறுப்பு முத்துச்சிப்பி போல மின்னுமே, அந்தத் தாள்தான். கடையில் 'ராப்' என்கிறார்கள். 'மேலுறை' என்று எழுதினால், டிரம்மைத் தூக்கிச் செல்லும் பையோடு குழம்புகிறது. தலைப்பை இப்போதைக்கு 'கறை படிந்த கூட்டுக்குப் புது மேலுறை' என்று வைத்திருக்கிறேன். நல்ல சொல் தாருங்கள்.

---

அன்பரே, சொல் பொருநராற்றுப்படையில் காத்திருக்கிறது. யாழை வருணிக்கும்போது முடத்தாமக்கண்ணியார் 'பொல்லம் பொத்திய பொதியுறு போர்வை' என்கிறார். பத்தலின் (யாழின் குடம் போன்ற அடிப்பகுதி) மேல் தோலைப் போர்த்தி, அதன் இரண்டு ஓரத்தையும் கூட்டித் தைத்திருக்கிறார்கள். இசைக்கருவிக்கு மேல் போர்த்துவது போர்வை. ஓரங்கள் கூடும் இடம் பொல்லம். இரண்டு சொல்லும் ஒரே அடியில்! பொதி, பொத்து, பொல்லம், பொந்து, பொக்கணம் எல்லாமே 'பொள்' என்ற ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. போர்வையையும் அங்கேயே சேர்ப்பேன். விரிவாகத் தனிமடலில் எழுதுகிறேன்.

---

> போர்வை

ஐயா, பட்டறையில் இதைச் சொன்னால் பையன்கள் கம்பளியைத்தான் தேடுவார்கள். போர்வையைப் போடலாம், எடுக்கலாம். இது ஒட்டினால் ஒட்டினதுதான். ரப்பர் பசையைக் கூட்டிலும் தாளின் முதுகிலும் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு, அப்புறம்தான் பொருத்துவோம். பட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும்; அரை நூல்கூட நகர்த்த முடியாது. 14 அங்குல விட்டமுள்ள ஸ்னேர் டிரம்முக்குச் சுற்றளவு 44 அங்குலம். ஒன்றன்மேல் ஒன்று ஏற இன்னும் ஓர் அங்குலம் சேர்த்து 45 வெட்டுவோம். 'ஒட்டுத்தாள்' என்று போடுங்கள், எல்லாருக்கும் புரியும்.

---

ராப் இருக்கட்டும். 'கறை படிந்த' என்பதை முதலில் எடுத்துவிடுங்கள். கறை என்றால் அழுக்கு. படிப்பவர் அதைப் போக்கத் தேய்க்க ஆரம்பிப்பார். இங்கே மரத்துக்குள் வேண்டுமென்றே ஊறவிட்ட நிறம் அல்லவா? அந்த நிறத்தால் ஒட்டுவதில் பெரிய தொல்லை கிடையாது. அதன் மேல் அடித்த லாக்கர் மெருகின் பளபளப்பைத்தான் உப்புத்தாள் போட்டு மங்கவைக்க வேண்டும். எண்ணெய், மெழுகு இருந்தால் இன்னும் கவனம். காலுக்குச் செம்பஞ்சுச் சாயத்தை 'ஊட்டுவது' என்போமே, அதுபோல 'சாயமூட்டிய கூடு' எப்படி?

---

சாயமூட்டிய - சம்மதம். ஆனால் 'கூடு' எதற்கு? மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் 'கட்டை' என்ற சொல் வழக்கில் இருக்கிறதே.

---

தவில் பலாக்கட்டையைக் குடைந்து செய்வது. டிரம்ஸுக்கு மேப்பிள், பிர்ச் போன்ற மரத்தின் மெல்லிய தகடுகளை அடுக்கி வளைத்து ஒட்டுகிறார்கள். குடையாத ஒன்றைக் கட்டை என்பது பொருந்தாது. கூடே இருக்கட்டும்.

---

> ஒட்டுத்தாள்

தாள் காகிதம். இதுவோ தொடக்கத்தில் செல்லுலாயிடு, இன்று பி.வி.சி.யும் உண்டு. 'மேற்படலம்' என்பதே துல்லியம்.

---

படலம் என்றால் கண்ணில் விழுவது போல மெலிந்தது என்று நினைத்துவிடுவார்கள். இதற்குத் தடிமன் உண்டு, அதைக் கவனிக்காமல் விட்டால் வேலை கெடும். அரை மில்லிமீட்டர் தாள் சுற்றினால் விட்டம் ஒரு மில்லிமீட்டர் கூடும். அப்புறம் முகத்தோலைப் பிடிக்கும் வளையம் கூட்டில் இறுகிக்கொள்ளும், சுருதி சேராது. பாலித்தீன் தாள் என்று ஊரே சொல்கிறது, தாளுக்கு என்ன குறை?

---

அனைவருக்கும் நன்றி. 'சாயமூட்டிய கூட்டுக்குப் புது ஒட்டுத்தாள்' என்று தலைப்பை மாற்றிவிட்டேன். ஒட்டுத்தாளுக்கே ஆதரவு அதிகம். தாளின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்துக்கு 'மூட்டு' என்று எழுதுகிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.

---

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்பாடு இல்லை. தாள் போகட்டும். மூட்டு என்பது எதற்கும் பொதுவான சொல். போர்த்தியதன் ஓரங்கள் கூடுமிடத்துக்கென்றே ஒரு சொல் இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்? அடிக்குறிப்பிலாவது 'பொல்லம்' வர வேண்டும். 'பொள்' வேர் பற்றிய மடலை நாளை அனுப்புகிறேன்.