ஒரு பணம், நூறு வெள்ளிப்பணம், இரண்டு பணம்: உவமைகள் நம் கையிலிருந்த காசைத் தொட்டபோது

நாகர்கோவிலிலிருந்து ஒரு கட்டட ஒப்பந்தக்காரர்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே, இயேசு சொன்ன உவமைகளை வாழ்க்கையில் கடைப்பிடித்த அனுபவங்களை எழுதச் சொல்லியிருந்தீர்கள். கடைப்பிடிக்கப் போய்ப் பாதியில் மாட்டிக்கொண்ட அனுபவம்தான் என்னிடம் இருக்கிறது.

மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடும் நாளில் ஆட்கள் போதாமல் போவது எங்கள் தொழிலில் வழக்கம். அன்று கலவை இயந்திரமும் மதியத்தில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டதால், இருட்டுவதற்குள் வேலையை முடித்தாகவேண்டுமென்று, மாலை நான்கு மணிக்கு மேல் ஆட்கள் கூடும் முக்குக்கு நானே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். காலை ஆறரைக்குக் கூட்டமாக நிற்கும் அந்த இடத்தில் அப்போது ஒரே ஒரு பெரியவர், தூக்குச்சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூடிய கடையொன்றின் படியில் உட்கார்ந்திருந்தார். இன்னுமா இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "யாரும் கூப்பிடல்ல சார்" என்றார். மத்தேயு 20ஆம் அதிகாரத்து உவமையில், காலை முதல் உழைத்தவர்களுக்கும் மாலையில் வந்தவர்களுக்கும் ஒரே கூலியாக ஒரு பணம் கொடுக்கிறார் ஒரு திராட்சத்தோட்டத்து எஜமான். அதில் பதினோராம் மணி வேளையில், அதாவது நம் கணக்குக்கு மாலை ஐந்து மணிக்கு, நின்றவர்கள் சொன்ன பதிலும் அதுதான் என்பது திரும்பி வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. காலையிலிருந்து வெயிலில் காத்திருந்து, பத்து வண்டிகள் தன்னைப் பார்த்துவிட்டு இளைஞர்களை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு நாள் உழைப்புக்குக் குறைந்ததன்று.

பெரியவர் இரண்டு மணி நேரம் கலவைச் சட்டி கைமாற்றினார். முழு நாள் கூலியான 900 ரூபாயைக் கொடுக்கத் தீர்மானித்தேன். ஆனால் மற்றவர்கள் பார்க்கும்படி கொடுக்கத் துணிவு வரவில்லை. எல்லாரும் கூலி வாங்கிப் போனபின், அவரைச் செங்கல் அடுக்குக்குப் பின்னால் அழைத்துக் கையில் திணித்தேன். வீட்டுக்கு வந்து வேதத்தைத் திறந்தபோதுதான், பல ஆண்டுகளாக வாசித்தும் கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. அந்தத் திராட்சத்தோட்டத்து எஜமான் பிந்தி வந்தவர்களுக்கு முதலில் கொடுக்கச் சொல்கிறார். முந்தி வந்தவர்களை முதலில் கணக்குத் தீர்த்து அனுப்பியிருந்தால் முணுமுணுப்பே எழுந்திராது. அவர் வேண்டுமென்றே அவர்கள் கண் முன்னால் கொடுத்தார். நான் அந்த முணுமுணுப்புக்குப் பயந்துவிட்டேன்.

மறைத்ததும் பயன்படவில்லை, ஏனென்றால் பெரியவரே தேநீர்க்கடையில் மகிழ்ச்சியாகச் சொல்லிவிட்டார். மறுநாள் தலைமைக் கொத்தனார் என்னிடம் வந்தார். அவர் கூலியைப் பற்றிச் சண்டையிட வருகிறார் என்று நினைத்து, "என்னுடையதை என் இஷ்டப்படி செய்ய எனக்கு அதிகாரமில்லையா" என்ற வசனத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவரோ, "காலையிலேயே அவரை வண்டியில ஏத்தியிருக்கலாமே சார், நாங்க பார்த்துக்கிட மாட்டோமா?" என்றார். வசனம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. காலையில் அந்த முக்கைத் தாண்டிப் போன வண்டிகளில் என்னுடையதும் ஒன்று.

தூத்துக்குடி மாவட்டக் கடற்கரைக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி

நாகர்கோவில் சகோதரர் எழுதிய "ஒரு பணம்" நாங்கள் திருவிவிலியத்தில் தெனாரியம் என்று வாசிப்பதுதான். கரூர், கோவை வட்டாரங்களில் புதையல்களாகக் கிடைத்திருக்கும் அந்த ரோமானிய வெள்ளிக்காசு. அது ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். இந்தக் கணக்கு தெரிந்த நாளிலிருந்து மத்தேயு 18இல் வரும் மன்னிக்க மறுத்த பணியாளனின் உவமை எனக்கு இலகுவாக இல்லை.

நான் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநராக இருக்கிறேன். குழுவில் பன்னிரண்டு பேர். வங்கிக் கடன் குழுவின் பெயரில் இருப்பதால் ஒருவர் தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் பகிர்ந்து கட்டவேண்டும். ஓர் உறுப்பினர் தொடர்ந்து ஐந்து மாதம் கட்டாமல், கேட்டால் அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு மாலையில் நாங்கள் ஆறு பேர் அவர் வீட்டு வாசலில் போய் நின்றோம். தெரு முழுவதும் கேட்கும்படி பேசியவள் நான்தான். அவருடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்ததை மற்றவர்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், பார்த்துக்கொண்டேதான் பேசினேன்.

அது 2023 செப்டம்பர் மாதம். அதற்கடுத்த ஞாயிறு திருப்பலி வாசகம் இந்த உவமையாக அமைந்தது. பத்தாயிரம் தாலந்து கடன் அரசனால் மன்னிக்கப்பட்டவன், வெளியே வந்ததும் தனக்கு நூறு தெனாரியம் தரவேண்டிய உடன்பணியாளனின் கழுத்தை நெரிக்கிறான். மறையுரைகளில் அந்த நூறு தெனாரியத்தை அற்பத் தொகை என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதை நான் ஏற்கவில்லை. நூறு நாள் கூலி அது. எங்கள் ஊரில் நூறு நாள் வேலைக்குப் போய்வந்த பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், ஓர் ஆண்டின் வேலை அட்டை முழுவதும் தீர்ந்து கிடைத்த பணம் அற்பமா என்று. ஒரு தாலந்துக்கு 6,000 தெனாரியம் என்ற கணக்கில் பத்தாயிரம் தாலந்து 6 கோடி நாள் கூலியாகிறது என்பதால்தான் நூறு சிறியதாகத் தெரிகிறது. தனியாக எடுத்தால் அது வலிக்கிற தொகைதான். வலிக்கிற தொகையைத்தான் ஆண்டவர் உவமையில் வைத்திருக்கிறார்.

எனக்கு மன்னிக்கப்பட்ட கடன் ஒன்றும் உண்டு. என் கணவர் இறந்தபோது, இஸ்லாமியரான பாய் ஒருவரின் கடையில் இரண்டு ஆண்டு மளிகைப் பாக்கி நின்றது. நாற்பதாம் நாள் கழித்துக் கணக்குக் கேட்கப் போனேன். அவர் கணக்கு நோட்டில் எங்கள் பக்கத்தைக் கிழித்துச் சுருட்டி, "போம்மா, பிள்ளைகளைப் படிக்க வை" என்று மட்டும் சொன்னார். அவர் எந்த உவமையையும் எனக்குச் சொல்லவில்லை.

ஆனால் குழுவின் கடனை நான் தனியாக மன்னிக்க முடியாது. அது என் பணமன்று. இதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். நான் செய்ததெல்லாம், அவருடைய மூன்று தவணையை என் சேமிப்பிலிருந்து கட்டியதும், அந்தத் தெருவிலேயே, அதே நேரத்தில், அதே வாசலில் போய் மன்னிப்புக் கேட்டதும்தான். அவர் கதவைத் திறந்தார். பிள்ளை வெளியே வரவில்லை. மீதித் தவணைகளை அவர் சிறுகச் சிறுகக் கட்டி முடித்தார், என்னுடன் பேசுவது மட்டும் இன்றுவரை அளவோடுதான்.

வேலூரிலிருந்து ஒரு தங்கும் விடுதிக்காரர்

நல்ல சமாரியன் உவமையில் சத்திரக்காரனைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. என் தொழில் அதுவாக இருப்பதால் எனக்கு அவன்மேல் ஒரு கண் உண்டு. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் பாதையில் அடிபட்ட ஒருவனை முன்பின் தெரியாத ஒருவன் கழுதையில் ஏற்றிக்கொண்டு வருகிறான், இரண்டு பணம் கொடுக்கிறான், அதிகமாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்கிறான். இரண்டு நாள் கூலியை வாங்கிக்கொண்டு எத்தனை நாள் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தவனும் அந்தக் கதையில் ஒருவன்தானே.

மருத்துவத்துக்காக வடகிழக்கிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருபவர்களால்தான் எங்கள் தெரு வாழ்கிறது. சென்ற ஆண்டு, ஜார்க்கண்டிலிருந்து பிள்ளையின் அறுவை சிகிச்சைக்கு வந்த ஒரு தம்பதியிடம் பணம் தீர்ந்துவிட்டது. மாடி அறையிலிருந்த அசாம் வியாபாரி ஒருவர், அவர்களுக்கும் அவருக்கும் தாய்மொழிகூட ஒன்றில்லை, இரண்டு நாள் வாடகையைக் கட்டிவிட்டு, மீதியை நான்கு மாதத்தில் மறு பரிசோதனைக்கு வரும்போது தருகிறேன் என்று என்னிடம் இந்தியில் சொல்லிவிட்டு ரயில் ஏறினார். அவர்கள் மேலும் 21 நாள் தங்கினார்கள். நாளொன்றுக்கு 350 ரூபாய் வீதம் 7,350 ரூபாய்.

நான்கு மாதம் எப்போதோ முடிந்துவிட்டது, அவர் வரவில்லை. அந்தக் கணக்கை நோட்டில் அடித்துவிடலாம் அப்பா என்கிறான் மகன். சகோதரி எழுதிய மளிகைக் கடைக்காரரைப் படித்தபின் எனக்கும் அப்படித் தோன்றியது. ஆனால் அடித்துவிட்டால் அவர் வரமாட்டார் என்று நானே தீர்ப்பெழுதியதாகிவிடுமே என்று கை நின்றுவிடுகிறது. எனவே மாதம் பிறக்கும்போதெல்லாம் அந்த ஒரு வரியைப் புதிய பக்கத்துக்கு எடுத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மாடி அறை காலியாக இருந்தால் முதலில் அவருக்குத்தான்.